மேடா, குழியா? கிளாக்கோமாவில் பார்வை நரம்பு எப்படி அழியுதுன்னு காட்டிக்கொடுத்த டாக்டர் கிரேஃபே!

கிளாக்கோமா என்றதும் பலரும் கண்ணில் பிரஷர் ஏறும் நோய் என்றுதான் நினைக்கிறார்கள். பிரஷர் ஒரு காரணம்தான். பார்வையைப் பறிப்பது, கண்ணுக்குப் பின்னால் இருக்கும் பார்வை நரம்பின் செல்கள் ஒவ்வொன்றாகச் சாவது. அந்த நரம்பை உயிரோடு இருக்கும் நோயாளியின் கண்ணுக்குள்ளேயே பார்த்துப் புரிந்துகொண்ட முதல் தலைமுறை டாக்டர்களில் முக்கியமானவர், ஜெர்மனியின் ஆல்பிரெக்ட் வான் கிரேஃபே.

யார் இந்த கிரேஃபே?

1828-ல் பெர்லினில் பிறந்தவர். அப்பா பிரபல அறுவை சிகிச்சை நிபுணர். ஆனா மகனுக்கு 12 வயது இருக்கும்போதே இறந்துவிட்டார். 19 வயதிலேயே டாக்டர் பட்டம் வாங்கிய கிரேஃபே, பிராக், பாரிஸ், வியன்னா, லண்டன் என்று சுற்றி கண் மருத்துவம் கற்றார். ஊர் திரும்பி சொந்தமாக கண் கிளினிக் தொடங்கினார். 1854-ல், 26 வயதில், கண் மருத்துவத்துக்கென்றே ஓர் ஆய்விதழ் ஆரம்பித்தார். அது அவர் பெயரிலேயே இன்னைக்கும் வெளிவருகிறது.

அவர் தொழிலுக்கு வந்த நேரமும் சரியாக அமைந்தது. 1851-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆப்தல்மாஸ்கோப் என்ற கருவியை உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார். அதுவரை பாப்பாவுக்குப் பின்னால் டாக்டர்களுக்குத் தெரிந்தது வெறும் இருட்டு. இப்போ விழித்திரையும், பார்வை நரம்பு தொடங்கும் வட்டமும் பளிச்சென்று தெரிந்தன.

மேடு இல்லை, பள்ளம்!

கிளாக்கோமா நோயாளிகளின் கண்ணில் அந்த வட்டத்தைப் பார்த்த கிரேஃபே, அது வீங்கி மேடாக இருக்கிறது என்று 1854-ல் எழுதினார். உண்மை நேர்மாறு. ஒற்றைக் கண்ணால் கருவிக்குள் பார்க்கும்போது ஆழம் சரியாகத் தெரியாது. வெளிச்சமும் நிழலும் சேர்ந்தால் பள்ளம்கூட மேடு மாதிரிதான் தோன்றும். அவரிடம் பயின்ற அடால்ஃப் வெபர்தான் இது குழி என்று கண்டுபிடித்தார். பெயர் எடுத்த டாக்டர், மாணவர் சொன்னதை மறைக்கவில்லை. அடுத்த ஆண்டே தன் கருத்தை மாற்றிக்கொண்டார். இறந்தவர்களின் கண்களை அறுத்துப் பார்த்த ஹைன்ரிக் முல்லர், 1856-ல் அதை உறுதி செய்தார்.

கிளாக்கோமாவின் கதையில் திருப்புமுனை இதுதான்.

அந்தக் குழி எப்படி வருகிறது?

விழித்திரையில் கேங்ளியன் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு செல்லிலிருந்தும் ஒரு மெல்லிய இழை கிளம்பும். இப்படி சுமார் 10 லட்சம் இழைகள் ஒன்றுசேர்ந்து, கண்ணின் பின்பக்கம் சல்லடை போன்ற தட்டு வழியாக மூளைக்குப் போகின்றன. இதுதான் பார்வை நரம்பு.

கண்ணுக்குள் அழுத்தம் கூடினால் அந்தச் சல்லடை பின்னோக்கி வளையும். துளைகளில் மாட்டிய இழைகள் நசுங்கும். மூளைப் பக்கமிருந்து செல்லுக்கு வரவேண்டிய உயிர்ச்சத்து நடுவழியில் நின்றுவிடும். அந்த இடத்தின் ரத்த ஓட்டமும் பாதிக்கப்படலாம். கடைசியில் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. அபோப்டோசிஸ் என்ற இந்த வகை மரணம் கிளாக்கோமாவில் நடப்பதை, 1990-களில் விலங்குகளில் நடந்த ஆய்வுகள் காட்டின. செத்த இழைகளின் இடம் காலியாகும். அந்தக் காலி இடத்தைத்தான் கிரேஃபே குழியாகப் பார்த்தார்.

செத்த செல் திரும்ப முளைக்காது. பக்கவாட்டுப் பார்வைதான் பெரும்பாலும் முதலில் போகும். அதனால நோயாளிக்கே ரொம்ப நாள் தெரியாது.

1857: ஒரு துண்டு ஐரிஸ்

அந்தக் காலத்தில் கிளாக்கோமா வந்தால் பார்வை போச்சு, அவ்வளவுதான். வேறு கண் நோய்களுக்காக ஐரிஸில் ஒரு துண்டை வெட்டி எடுத்தபோது கண்ணின் இறுக்கம் குறைவதை கிரேஃபே கவனித்திருந்தார். அதையே கிளாக்கோமா நோயாளிகளுக்கும் செய்து பார்த்தார். திடீர் வலி, சிவப்போடு வந்த பலருக்குப் பார்வை மிஞ்சியது. 1857-ல் பிரஸ்ஸல்ஸில் நடந்த கண் மருத்துவர்கள் மாநாட்டில் இதை அறிவித்தார். இன்று இதே வேலையை லேசர் சில நிமிடங்களில் முடிக்கிறது.

ஏன் வேலை செய்தது என்பதற்கு அவரிடம் சரியான விடை கிடையாது. கண்ணுக்குள் சுரக்கும் நீர் வெளியேறும் மூலையை ஐரிஸ் அடைத்துக்கொள்வதும், துண்டு எடுத்தால் வழி திறப்பதும் பின்னால்தான் தெளிவானது.

இன்னொரு புதிரும் இருந்தது. சிலருக்கு வலியும் இல்லை, தொட்டால் கண் இறுக்கமும் இல்லை, ஆனா நரம்பில் குழி மட்டும் இருந்தது. கிரேஃபே இதை முதலில் தனி நோயாக வைத்தார். நெதர்லாந்தின் டோன்டர்ஸ் இதுவும் கிளாக்கோமாதான் என்று வாதிட, பிறகு ஏற்றுக்கொண்டார். நார்மல் பிரஷரிலும் நரம்பு செல்கள் சாகும் என்பது இன்று உறுதியான விஷயம். அதனாலதான் பிரஷர் பார்த்ததோடு விடாமல், கண் டாக்டர் பாப்பாவை விரிய வைத்து நரம்பையும் பார்க்கிறார்.

42 வயதில் முடிந்த வாழ்க்கை

நுரையீரல் நோய் கிரேஃபேவைப் பல ஆண்டுகள் வாட்டியது. 1870 ஜூலை 20 அன்று காசநோயால் இறந்தார். அதற்கு முந்தின நாள்தான் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டிருந்தது. 1882-ல் பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனை அருகே அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள்.