கொல்லிமலைப் பிராண்டையர்

ஆங்கில நாட்டிற் பிறந்த ஜெஸி பிராண்டையர் 1907இல் இந்தியா போந்து, 1913இல் ஈவ்லின் அம்மையாரை மணந்து, கொல்லிமலையிற் குடியேறினார். செங்குத்தான மலைவழிகளைக் கடந்து, ஊர்தோறும் பிணி தீர்த்தும் கல்வி புகட்டியும் வந்தார்.

1918ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய இன்புளுவென்சா சுரம் இம்மலையையும் எட்டிற்று. பாரஞ்சுமந்து மலையேறியும் இளைப்பறியா மக்கள், குடிசையை விட்டு எழவும் ஆற்றாராயினர். நுரையீரல் அழன்று மூச்சுத் தடைப்படின், உரமேறிய காலும் என் செய்யும்? அந்நோய்க்கு அக்காலத்தே மருந்தில்லை. பிராண்டு தம்பதியர் கஞ்சி கொண்டுசென்று ஊட்டிப் பேணினர். அவர்களை எதிர்த்து வந்த பூசாரியும், அந்நோயால் இறக்குந் தறுவாயில், தம் பெண்மகவை அவர்கள்பால் ஒப்புவித்தார்.

மலேரியாவால் விளையும் கருநீர்ச் சுரம் 1929 ஜூன் திங்களில் ஐயரையும் கொண்டது. உடலுரத்துக்கு எல்லையுண்டு, அவ்வெல்லையிற் பிறர் கையே துணையென்பதை அவர் வாழ்வு காட்டும்.