ஆழியின் கதவைத் திறந்தவர்

முத்துக்குளித்தல் தமிழ்மக்களின் பழந்தொழில்களுள் ஒன்று. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்போர் கல் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு விரைந்து கீழே இறங்கினர். மூச்சை அடக்கிச் சிப்பிகளைத் திரட்டினர். மூச்சு முட்டுமுன் மேலே வந்துவிட்டனர். ஒரு மூச்சின் அளவே கடல் அவர்களுக்குத் தந்த நேரம். உலகின் பிற பகுதிகளிலும் நெடுங்காலம் இதுவே நிலை. தலைக்கவசம் பூண்டு இறங்கியவர்களோ மேலே நிற்கும் படகோடு காற்றுக்குழாயால் பிணைக்கப்பட்டிருந்தனர். மீனைப்போல் தடையின்றி நீந்தவும், நீருக்குள் நெடுநேரம் தங்கவும் மனிதருக்கு வழிகாட்டிய இருவருள் ஒருவர் ழாக் கூஸ்தோ.

இளமை

கூஸ்தோ 1910ஆம் ஆண்டு சூன் 11ஆம் நாள் பிரான்சு நாட்டின் செந்தாந்திரே தெ கூப்சாக் என்னும் ஊரில் பிறந்தார். 1930இல் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். வானூர்தி ஓட்டுநராக வேண்டும் என்பதே அவருடைய விருப்பம். ஆனால், ஒரு கார் விபத்தில் அவருடைய கைகள் முறிந்தன. வானில் பறக்கும் கனவு அத்துடன் முடிந்தது. கைகளில் வலிமை மீள்வதற்காக அவர் துலோன் துறைமுகத்தை அடுத்த கடலில் நாள்தோறும் நீந்தினார். 1936இல் நண்பர் ஒருவர் நீரில் அணியும் கண்ணாடியை அவருக்குக் கொடுத்தார். அதை அணிந்து நீருக்குள் நோக்கியவர் பாசிகளும் மீன்களும் நிறைந்த வேறோர் உலகைக் கண்டார். வானை இழந்தவருக்குக் கடல் கிடைத்தது.

மூச்சுக் கருவி

கடலில் ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்திற்கும் நீரின் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்கு ஈடான அழுத்தத்தில் காற்று கிடைத்தால்தான் நுரையீரல் அதை எளிதில் உள்ளிழுக்கும். உருளையில் அடைத்த காற்றை, வேண்டும்போது மட்டும், வேண்டிய அழுத்தத்தில் எவ்வாறு தருவது? இதுவே கூஸ்தோவின் முன் நின்ற வினா.

இரண்டாம் உலகப்போரின் காலம் அது. பெட்ரோல் தட்டுப்பாட்டால் கார்களை எரிவளியால் ஓட்டுவதற்கு எமில் காஞான் என்னும் பொறியாளர் ஓர் அடைப்பிதழை வடிவமைத்திருந்தார். அதையே மூச்சுக் கருவியாக மாற்ற இருவரும் முனைந்தனர். 1943ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மார்ன் ஆற்றின் குளிர்நீரில் அதைச் சோதித்தனர். படுத்த நிலையில் நீந்தும்போது கருவி நன்கு இயங்கியது. நிமிர்ந்தபோதோ காற்று வீணாக வெளியேறியது. காற்று வரும் இடமும் வெளியேறும் இடமும் வெவ்வேறு உயரத்தில் இருந்ததே காரணம் என உணர்ந்து, இரண்டையும் அருகருகே அமைத்தனர். அவ்வாண்டுக் கோடையில் கூஸ்தோ அக்கருவியை முதுகில் சுமந்து மத்தியதரைக் கடலில் இறங்கினார். கயிறும் இல்லை, குழாயும் இல்லை. இன்று ஸ்கூபா எனப்படும் நீர்மூழ்கு முறை இவ்வாறு பரவலாயிற்று.

பவளப்பாறையில்

1950இல் கலிப்சோ என்னும் பழைய கப்பல் ஆண்டுக்கு ஒரு பிராங்கு வாடகையில் அவருக்குக் கிடைத்தது. அதன் பயணச் செலவுகளுக்காக அவர் மனைவி சிமோன் தம் நகைகளை விற்றார். 1951இல் பவளங்களை ஆராயும்பொருட்டுக் கலிப்சோ செங்கடலுக்குச் சென்றது.

பவளப்பாறை வெறும் கல்லன்று. நகக்கண்ணினும் சிறிய உயிரிகள் பலகோடி சேர்ந்து, தம் சுண்ணாம்புக் கூடுகளால் எழுப்பிய நகரம் அது. அவ்வுயிரிகளின் உடலில் வாழும் நுண்பாசிகள் கதிரொளியால் உணவு ஆக்குகின்றன. ஆகவே, ஒளி புகும் ஆழமில்லாத வெப்பக் கடல்களிலேயே இப்பாறைகள் செழிக்கின்றன. கொட்டும் கைகளையுடைய கடற்சாமந்தியின் நடுவே கோமாளி மீன் அஞ்சாமல் வாழ்கிறது. பெரிய மீன்கள் வாய் திறந்து நிற்க, விரலளவே உள்ள துப்புரவு மீன் உள்ளே நுழைந்து ஒட்டுண்ணிகளைத் தின்கிறது. கிளிமீன் பாறையைக் கொறித்து மணலாக்குகிறது. இச்சிற்றுயிர்களைக் காண விரைந்து நீந்துதல் ஆகாது. ஓரிடத்தில் அசையாது நிற்றல் வேண்டும். ஒரு மூச்சில் இறங்கியவருக்கு வாய்க்காத அந்தப் பொறுமையை மூச்சுக் கருவி தந்தது.

நிழல் படிந்த பக்கம்

கூஸ்தோவும் லூயி மாலும் இயக்கிய அமைதி உலகம் என்னும் திரைப்படம் 1956இல் கான் திரைப்பட விழாவின் முதற்பரிசை வென்றது. கடலின் அடியை மக்கள் வண்ணத்தில் கண்டு வியந்தனர். ஆயினும், அப்படத்தில் இன்று பார்ப்போர் மனம் வருந்தும் காட்சிகளும் உள்ளன. ஒரு பவளப்பாறையில் வாழும் மீன்களைக் கணக்கெடுக்க அவருடைய குழுவினர் அங்கே வெடி வைத்தனர். இறந்த மீன்களைத் திரட்டி எண்ணினர். சுறாக்களைச் சினத்தோடு கொன்றனர். பாறையின் இடுக்குகளில் ஒளிந்துவாழும் மீன்களை வேறு வழியில் எண்ண இயலாது என்பது அவர்கள் கருத்து. ஆனால், கெட்டிப் பவளங்கள் பல ஓராண்டில் ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்கின்றன. ஒரு நொடியில் சிதறியதைக் கடல் மீண்டும் கட்டப் பல பத்தாண்டுகள் ஆகும். அறியும் ஆர்வம், அறியப்படும் பொருளையே அழித்தது.

காவலரானார்

கூஸ்தோ அந்நிலையிலேயே நின்றுவிடவில்லை. 1960இல் கதிரியக்கக் கழிவுகளை மத்தியதரைக் கடலில் கொட்ட எழுந்த திட்டத்தை அவர் எதிர்த்தார், மக்களும் எதிர்த்தனர், திட்டம் நின்றது. 1963இல் சூடான் நாட்டுக் கரைக்கு அப்பால், சாப் ரூமி என்னும் பவளப்பாறையில், பத்து மீட்டர் ஆழத்தில் நட்சத்திர மீன் வடிவில் ஒரு வீட்டை அமைத்தார். அதில் ஐவர் முப்பது நாள் தங்கினர். அவர்களோடு ஒரு கிளியும் இருந்தது. விருந்தினராக வந்துசென்ற மனிதர், சின்னாள் பவளப்பாறையின் அண்டை வீட்டாராயினர்.

ஆண்டுகள் செல்லச்செல்ல, இளமையில் மீன்கள் நிறையக் கண்ட மத்தியதரைக் கடற்பகுதிகள் வறியனவாகிவருவதைக் கூஸ்தோ கண்ணுற்றார். 1968 முதல் தொலைக்காட்சித் தொடர் வழியாகக் கடலின் அழகையும் அதன் துன்பத்தையும் வீடுதோறும் கொண்டுசென்றார். 1973இல் கடலைக் காக்கத் தம் பெயரால் ஒரு கழகத்தை நிறுவினார். 1997ஆம் ஆண்டு சூன் 25ஆம் நாள் பாரிசில் மறைந்தார். பிறந்த ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

நம் நாட்டில் மன்னார் வளைகுடா, இலட்சத்தீவு, அந்தமான் நிகோபார், கச்சு வளைகுடா ஆகிய இடங்களில் பவளப்பாறைகள் உள்ளன. மன்னார் வளைகுடாவில் ஒருகாலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளங்களை வெட்டி எடுத்தனர். 2001 முதல் கெட்டிப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலைப் பெற்றுள்ளன. இன்று பவளப்பாறையில் மூழ்கக் கற்போருக்கு, எதையும் தொடாதே, எதையும் எடுக்காதே என்பதே முதற்பாடம். கடலின் கதவைத் திறக்க ஒரு கருவி போதுமானதாயிருந்தது. உள்ளே சென்றபின் எவ்வாறு நடந்துகொள்வது என்பதைக் கற்கக் கூஸ்தோவுக்கே பல்லாண்டுகள் தேவைப்பட்டன.

பயிற்சி

1. கூஸ்தோ கடலை நாடக் காரணமான நிகழ்ச்சி யாது?
2. மார்ன் ஆற்றில் கருவி சரிவர இயங்காமைக்குரிய காரணத்தை விளக்குக.
3. பவளப்பாறைகள் ஆழமில்லாத கடலில் செழிப்பது ஏன்?
4. அறியும் ஆர்வம், அறியப்படும் பொருளையே அழித்தது – இத்தொடர் உணர்த்தும் கருத்தைப் பாடத்தின் துணைகொண்டு எழுதுக.
5. நீங்கள் வாழும் ஊரிலுள்ள ஏரி, ஆறு, கடல் இவற்றுள் ஒன்றில் காணப்படும் சிற்றுயிர் ஒன்றை உற்றுநோக்கிப் பத்து வரிகளில் எழுதுக.