ஃபெராரி பெயர் இல்லாத ஃபெராரி... மகனின் பெயரைச் சுமந்த கார்! யார் இந்த என்ஸோ ஃபெராரி?

பழைய ஸ்போர்ட்ஸ் கூபே கார்களைச் சேகரிப்பவர்களிடம் ஓயாத வாதம் ஒன்று உண்டு. இத்தாலியின் டினோவா, ஜப்பானின் டொயோட்டா 2000 ஜி.டி.யா? இரண்டுமே 1960-களின் பிற்பகுதியில் வந்தவை. முதல் டினோவிலும் சரி, டொயோட்டாவிலும் சரி, இருந்தது கிட்டத்தட்ட 2 லிட்டர், 6 சிலிண்டர் இன்ஜின்தான். அப்புறம் என்ன வித்தியாசம்? அது புரியணும்னா, என்ஸோ ஃபெராரியின் கதை தெரியணும்.

வேலை தராத ஃபியட்

1898-ல் இத்தாலியின் மோடெனாவில் பிறந்தவர் என்ஸோ. அப்பா உலோகப் பட்டறை வைத்திருந்தார். 1916-ல் அப்பாவும் அண்ணனும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். முதல் உலகப் போர் முடிந்ததும் ஃபியட்டில் வேலை கேட்டுப் போனார். கிடைக்கவில்லை. பிறகு ஆல்ஃபா ரோமியோவில் பந்தய ஓட்டுநர், 1929-ல் சொந்தப் பந்தய அணி, 1947-ல் ஃபெராரி பெயரில் முதல் கார் என்று வளர்ந்தார். சாலையில் ஓடும் கார்களை அவர் விற்றதே பந்தயச் செலவுக்குப் பணம் வேண்டும் என்றுதான்.

மகன் டினோ

மகன் ஆல்ஃப்ரெடோவின் செல்லப் பெயர் டினோ. தசைச் சிதைவு நோயால் படுத்த படுக்கையாக இருந்தபோதும், புதிய வி6 இன்ஜின் பற்றி அப்பாவிடமும் பொறியாளர் விட்டோரியோ யானோவிடமும் பேசிக்கொண்டிருந்தார். அந்த இன்ஜின் ஓடுவதைப் பார்க்காமலே 1956-ல், 24 வயதில் இறந்துவிட்டார்.

500 கார் விதி

12 மாதங்களில் 500 கார்களாவது தயாரான இன்ஜின்தான் வேண்டும் என்று 1967 முதல் ஃபார்முலா 2 பந்தயத்தில் விதி வந்தது. சின்ன நிறுவனமான ஃபெராரிக்கு அது ஆகிற காரியமில்லை. எனவே, அன்று வேலை தராத அதே ஃபியட்டுடன் கைகோத்தார் என்ஸோ. ஃபியட் தன் கார்களிலும் அந்த வி6 இன்ஜினைப் பொருத்தியது. ஃபெராரி தரப்பில் டினோ 206 ஜி.டி. வந்தது, பிறகு 246 ஜி.டி. முகப்பில் குதிரைச் சின்னம் இல்லை, மகனின் பெயர் மட்டுமே.

சேகரிப்பவர் கவனிக்க வேண்டியது என்ன?

டொயோட்டா 2000 ஜி.டி., யமஹாவுடன் சேர்ந்து செய்யப்பட்டது. மொத்தமே 351 கார்கள். 2013-ல் அமெரிக்க ஏலம் ஒன்றில் 10 லட்சம் டாலரைத் தாண்டி விற்றது. டினோ 246 வகையோ 3,500-க்கும் மேல். அதனால் விலை பெரும்பாலும் குறைவுதான். எண்ணிக்கை வேண்டும் என்பதற்காகப் பிறந்த கார், அந்த எண்ணிக்கையாலேயே விலையில் பின்தங்குகிறது! இன்னொன்று: டினோவின் முகப்பில் குதிரைச் சின்னம் இருந்தால், அது பிற்பாடு யாரோ ஒட்டியது. அசல் காருக்கு அது தேவையே இல்லை.

1988 ஆகஸ்ட் 14-ல், 90 வயதில் என்ஸோ மறைந்தார். தன் பெயரை எத்தனையோ கார்களில் பொறித்தவர், இந்த ஒரு காரில் மட்டும் மகனுக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அரிதான கார் வேண்டுமா, டொயோட்டா. இந்தக் கதை வேண்டுமா, டினோ.