பாரிஸ் மாணவர் புனித சவேரியார்

முத்துக்குளித்துறையின் அப்போஸ்தலர் என நாம் போற்றும் புனித பிரான்சிஸ் சவேரியாரைச் சிலுவையேந்திய குருவாகவே நம் ஆலயச் சுரூபங்கள் காட்டுகின்றன. நம் கரைக்கு வருமுன் அவர் பதினோராண்டுகள் பாரிஸ் மாநகரில் மாணவராகவும் ஆசிரியராகவும் இருந்தவர். அங்கு ஒரு விடுதி அறையில் முளைத்த தோழமையே அவரை நம்மிடம் அனுப்பி வைத்தது.

1506 ஏப்ரல் 7ஆம் நாள் நவார் நாட்டின் உயர்குடியொன்றில் அவர் பிறந்தார். சிறு வயதிலேயே அந்நாடு காஸ்தீல் அரசின் வசமாயிற்று. தந்தை இறந்தார், குடும்பக் கோட்டையின் மதில்கள் இடிக்கப்பட்டன. 1521இல் பம்பலோனா நகரை மீட்க எழுந்த படையின் பக்கம் அவருடைய அண்ணன்மார் நின்றனர். எதிர்ப்பக்கம் நின்று கோட்டையைக் காத்து, பீரங்கிக் குண்டால் கால் முறிந்தவர் லொயோலா இஞ்ஞாசியார்!

அதே இஞ்ஞாசியார் 1529இல், ஏறக்குறைய முப்பத்தெட்டு வயதில், புனித பார்பரா கல்லூரியில் சவேரியாரின் அறைக்கே மாணவராக வந்து சேர்ந்தார். அறையில் இருந்த மற்றொருவர் பீட்டர் பேபர். சவாய் நாட்டில் ஆடு மேய்த்து வளர்ந்தவர். பேபர் விரைவில் இஞ்ஞாசியாரின் நண்பரானார். சவேரியாரோ பேரும் பதவியும் நாடி எட்டவே நின்றார். இஞ்ஞாசியார் சலிக்கவில்லை. சவேரியாரின் வகுப்புக்கு மாணவர்களைச் சேர்த்துக் கொடுத்தார், பணமுடையில் கைகொடுத்தார். நான்காண்டுப் பொறுமைக்குப் பின் அந்த மனம் கனிந்தது.

1534 ஆகஸ்டு 15, தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாள். மோன்மார்த்ர் குன்றின் சிற்றாலயத்தில் எழுவர் கூடினர். அவர்களுள் பேபர் மட்டுமே குரு. அவர் பலிபூசை நிறைவேற்ற, ஏழ்மையும் கற்பும் காத்துப் புனித நாடு செல்வதாக எழுவரும் வார்த்தைப்பாடு கொடுத்தனர். பின்னர் மூவர் சேர்ந்தனர்.

1536 நவம்பரில், முன்னரே வெனிஸ் சென்றிருந்த இஞ்ஞாசியாரைத் தேடி ஒன்பது பேர் பாரிஸிலிருந்து நடந்தே புறப்பட்டனர். பிரெஞ்சு அரசருக்கும் ஸ்பெயினை ஆண்ட பேரரசருக்கும் போர் மூண்டிருந்தது. அவர்களுள் ஸ்பானியரும் பிரெஞ்சுக்காரரும் இருந்தனர். அரசர்கள் பகைத்தபோது இவர்கள் ஒரே அப்பத்தைப் பகிர்ந்துண்டு, கழுத்தில் ஜெபமாலையோடு பனி படர்ந்த வழியில் நடந்தனர். 1537 சனவரியில் வெனிஸ் சேர்ந்ததும் மருத்துவமனைகளில் நோயாளிகளின் புண் கழுவினர். அருவருப்பை வென்று, தீரா நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார் சவேரியார். அவ்வாண்டு சூன் 24இல் குருப்பட்டம் பெற்றார். துருக்கியரோடு மூண்ட போரால் புனித நாட்டுக்குக் கப்பல் கிடைக்கவில்லை.

ஆகவே தோழர்கள் உரோமையில் பாப்பரசர் மூன்றாம் சின்னப்பரிடம் தங்களை ஒப்படைத்தனர். அவர் பல நாடுகளுக்கு அனுப்பினால் தோழமை கலைந்துபோகுமோ? 1539இல் பகலில் பணி, மாலையில் கூட்டம் எனப் பல வாரங்கள் செபித்து ஆராய்ந்தனர். எங்கே சென்றாலும் ஓருடலாய் இருப்பதென்றும், தம்முள் ஒருவருக்குக் கீழ்ப்படிவதென்றும் ஒருமனதாய் முடிவு செய்தனர். இவ்வாறு இயேசு சபை பிறந்தது.

1540இல் இந்தியாவுக்குச் செல்லவிருந்தவர் நோயுற, சவேரியார் ஒரே நாளில் ஆயத்தமானார். இஞ்ஞாசியாரை அவர் மீண்டும் காணவில்லை. 1542இல் கோவா வழியாக நம் கடற்கரைக்கு வந்து, தமிழறிந்தவர் துணையோடு செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்து கற்பித்தார். தாம் போனபின் ஊர் சிதறாதிருக்க ஒவ்வோர் ஊரிலும் கணக்கப்பிள்ளைகளை அமர்த்தினார். நோயாளிகள் வீட்டுக்குச் செபிக்கச் சிறுவர்களை அனுப்பினார். அறைத்தோழரிடம் கற்ற பாடத்தையே ஊர்தோறும் விதைத்தார்.

தோழர்களின் கடிதங்களிலிருந்து அவர்கள் கையெழுத்துகளைக் கத்தரித்து, எப்போதும் தம்முடன் சுமந்து திரிந்தார் அவர். 1552 டிசம்பர் 3இல் சீனக் கரையருகே சான்சியான் தீவில் உயிர் நீத்தார். 1622இல் இஞ்ஞாசியாரோடு ஒரே நாளில் புனிதர் பட்டம் பெற்றார். பேபருக்கு அது 2013இல் கிடைத்தது. அறைத்தோழர் மூவரும் இன்று பீடத்தில் இருக்கின்றனர்.

அன்பார்ந்த பங்கு மக்களே, படிப்புக்கும் பிழைப்புக்கும் நம் பிள்ளைகள் தொலைதூர விடுதிகளில் தங்குகின்றனர். அவர்கள் அறையிலும் ஒரு பேபர், ஓர் இஞ்ஞாசியார் இருக்கட்டும். நம் கோவில் வாசலில் எட்ட நிற்பவரிடமும் நான்காண்டு பொறுமை காட்டுவோம். அவர் நாளைய சவேரியாராக இருக்கலாம்.