ஒரு கை தண்ணீருக்குப் பத்தாண்டு வழக்கு

அண்ணல் அம்பேத்கர் மகாத் குளத்தில் தண்ணீர் அருந்தியது நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அதற்காக அவரே பிரதிவாதியாக நின்று ஏறத்தாழ பத்தாண்டு வழக்காடியது பலருக்குத் தெரியாது.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் ராணுவக் குடியிருப்பில் பிறந்தவர் அவர். பள்ளியில் தாகம் எடுத்தால் குழாயைத் தொட அவருக்கு உரிமை இல்லை. பியூன் வந்து திறந்துவிட வேண்டும். பியூன் வராத நாளில் தண்ணீர் கிடையாது. அந்தச் சிறுவன்தான் பின்னாளில் லண்டனில் பாரிஸ்டர் ஆகி, 1923இல் பம்பாயில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார்.

அதே ஆண்டு பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. பொதுப் பணத்தில் பராமரிக்கப்படும் குளம், கிணறு, சத்திரம், பள்ளி, மருத்துவமனை எல்லாம் தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட மக்களுக்கும் உண்டு என்றது அது. கொலாபா மாவட்டத்து மகாத் நகராட்சியும் 1924இல் தன் சவுதார் குளத்தை அவர்களுக்குத் திறந்துவிடத் தீர்மானித்தது. தீர்மானம் தாளில் இருந்தது. குளத்தில் இறங்கத்தான் யாராலும் முடியவில்லை.

1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் பெருங்கூட்டத்துடன் ஊர்வலமாகச் சென்று அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அடுத்து கோயிலுக்குள் நுழையப் போகிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. மாநாட்டுக்கு வந்தவர்கள் அடித்து விரட்டப்பட்டார்கள். குளத்துக்குத் தீட்டுக் கழிக்கப்பட்டது. ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தையே ரத்து செய்தது.

டிசம்பரில் மீண்டும் குளத்தில் இறங்க மக்கள் திரண்டார்கள். அதற்குள் சாதி இந்துக்கள் மகாத் நீதிமன்றத்துக்குப் போனார்கள். குளம் தங்களுக்கே உரியது, மற்றவர் தொடாதிருப்பது காலங்காலமான வழக்கம் என்பது அவர்கள் வாதம். 14ஆம் தேதி இடைக்காலத் தடை வந்தது.

சிறைக்குப் போகத் தயாராக வந்த ஆயிரக்கணக்கானோர் முன் அம்பேத்கர் கடினமான ஒரு முடிவை எடுத்தார். நீதிமன்றத் தடையை மீறினால் மோதல் அரசோடு என்று ஆகிவிடும்; வழக்குப் போட்ட ஆதிக்கச் சாதியினர் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஆகவே தண்ணீரைத் தொடாமல் குளத்தைச் சுற்றி ஊர்வலம் மட்டும் போகலாம் என்று மக்களைச் சம்மதிக்க வைத்தார். சாதிக்குச் சட்டமாக இருந்த மனுஸ்மிருதியோ 25ஆம் தேதி இரவு அங்கேயே எரிக்கப்பட்டது.

அதன்பின் வழக்கு. 1928 பிப்ரவரியில் தடை நீங்கியது. 1931இல் வழக்குத் தொடுத்தவர்கள் தோற்றார்கள். மேல்முறையீடு செய்து 1933இல் மறுபடியும் தோற்றார்கள். பம்பாய் உயர்நீதிமன்றம் போனார்கள். இந்தக் காலத்துக்குள் அம்பேத்கர் வட்டமேசை மாநாடுகளுக்குப் போய்வந்தார். பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மகாத் வழக்கை மட்டும் கைவிடவில்லை. 1937 மார்ச் 17 அன்று உயர்நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு அளித்தது. குளம் நகராட்சியுடையது, மற்றவரை விலக்கும் வழக்கம் தொன்றுதொட்டு இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்று மேல்முறையீடு தள்ளுபடியானது.

அவர் வரைவுக்குழுத் தலைவராக இருந்து உருவான அரசியலமைப்பின் 15ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றைச் சாதி சொல்லி எவருக்கும் மறுக்கக் கூடாது என்கிறது. மகாத் மக்கள் கேட்டதும் அதைத்தான். 1956 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தபோது அது நாடு முழுமைக்கும் சட்டமாக இருந்தது.

இன்றும் அரசாணை வந்துவிடும், பயன் வீடு வந்து சேராது. பொதுக்குழாயோ, பட்டாவோ, உதவித்தொகையோ மறுக்கப்பட்டால், வழக்கம் என்ற வாய்ப்பேச்சோடு திரும்பிவிடாதீர்கள். எந்த விதிப்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். மாணவர்களே, உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அந்த மனுவை நீங்கள் எழுதிக் கொடுங்கள்.