புதுவைத் தலைவர் குபேர்

புதுவைக் கடற்கரைச் சாலைக்கும் நகரின் பெரிய மார்க்கெட்டுக்கும் எதுவார் குபேரின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அப்பெயரை உச்சரிக்கின்றனர். ஆயினும் அந்த மனிதர் யார், அவர் செய்தது என்ன, செய்யாமல் விட்டது என்ன என்று வினவினால் தெளிவாக விடையிறுப்போர் சிலரே. சிலர் அவரைப் புதுவைக்கு விடுதலை வாங்கித் தந்த வீரர் என்பர். வேறு சிலர் காற்று வீசிய திசையில் பாய் விரித்த சாமர்த்தியசாலி என்பர். இவ்விரண்டு தீர்ப்புகளுமே அவசரத் தீர்ப்புகள் என்பது நமது கருத்து.

குபேர் 1894-ம் வருஷம் ஜூலை 29-ந் தேதி புதுச்சேரியில் பிறந்தார். பிரெஞ்சு வமிசமும் இந்திய வமிசமும் கலந்த குடும்பம் அவருடையது. சட்டமும் நீதிமன்ற நடைமுறையும் நன்கு பயின்று, நீதிமன்ற உத்தியோகத்தில் அமர்ந்தார். பிரெஞ்சுக்காரருடன் பிரெஞ்சுக்காரராகவும், தமிழருடன் தமிழராகவும் பழகும் ஆற்றல் அவருக்கு இயல்பிலேயே வாய்த்திருந்தது. அவருடைய அரசியல் மூலதனத்தில் ஒரு பாதி இந்த ஆற்றலே.

மறு பாதியை உணர வேண்டுமானால், பிரெஞ்சிந்தியாவின் ஸ்தல ஸ்தாபன முறையைச் சிறிது அறிதல் அவசியம். 1880-ம் வருஷத்திய பிரெஞ்சுச் சட்டம் இங்கே கொம்யூன்களை அமைத்தது. ஒவ்வொரு கொம்யூனுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட முனிசிபல் சபை உண்டு. சபைக்கு மேயர் உண்டு. மேயரின் அலுவலகத்தை ஜனங்கள் மேரி என்று அழைத்தனர். பிறப்பு இறப்புப் பதிவும் வாக்காளர் ஜாபிதாவும் மேரியின் கையில் இருந்தன. மேரி யார் வசமோ, தேர்தலும் அவர் வசம் என்பது பிரெஞ்சிந்தியாவில் பல தலைமுறைகளாக நிலவிய அனுபவம். வாக்குச் சாவடிகளில் தடியும் பணமும் விளையாடிய கதைகளைப் புதுவை முதியோர் நெடுங்காலம் சொல்லி வந்தனர். இந்த யந்திரத்தைக் குபேர் உண்டாக்கவில்லை. ஆனால் அவரைப்போல் அதை நுட்பமாக இயக்கியவர்கள் வெகு சிலரே.

1947-ல் பாரதம் விடுதலை பெற்ற தருணத்தில் பிரெஞ்சிந்திய சோஷலிஸ்டுக் கட்சி தோன்றியது. அதன் தலைவர்களுள் முதன்மையானவராகக் குபேர் விளங்கினார். பிரெஞ்சு யூனியனுக்குள் இருந்தபடியே சுயாட்சி பெறுவது என்பதே அக்கட்சி அன்று காட்டிய வழி. தேசபக்தர்கள் இணைப்பைக் கோரினர். கட்சி அதற்குக் குறுக்கே நின்றது. 1948 ஜூனில் இந்திய சர்க்காரும் பிரெஞ்சு சர்க்காரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. பிரெஞ்சிந்தியாவின் வருங்காலத்தை ஜனங்களே வாக்கெடுப்பின் மூலம் தீர்மானிப்பது என்றும், அதன் தேதியையும் முறையையும் முனிசிபல் சபைகளின் ஆலோசனையுடன் வகுப்பது என்றும் ஏற்பாடாயிற்று. ஆகவே அவ்வருஷம் அக்டோபரில் நடந்த முனிசிபல் தேர்தல், தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் நடந்த தேர்தலாக இல்லை. தேசத்தின் எல்லையையே நிர்ணயிக்கும் தேர்தலாயிற்று. புதுவையிலும் காரைக்காலிலும் சோஷலிஸ்டுகள் வென்றனர். வென்ற முறை குறித்துக் கடுமையான புகார்கள் எழுந்தன.

வங்காளத்தில் இருந்த சந்திரநாகூர் வேறு வழி சென்றது. 1949 ஜூனில் நடந்த வாக்கெடுப்பில் 7,473 பேர் பாரதத்துடன் சேரச் சம்மதித்தனர். எதிர்த்தவர்கள் 114 பேரே. ஆனால் புதுவையில் வாக்கெடுப்பு நடைபெறவே இல்லை. 1950-ல் தொழிலாளர் தலைவர் வ. சுப்பையாவின் வீடு தீக்கிரையாக்கப்பட்டது. 1951-ல் வந்து பார்த்த சர்வதேச நடுநிலையாளர்கள், சுயேச்சையாக வாக்களிப்பதற்கு ஏற்ற சூழ்நிலை இங்கே இல்லை என்று அறிவித்தனர். அதே வருஷம் ஜூனில் குபேர், முந்திய பிரதிநிதியான லம்பேர் சரவணைத் தோற்கடித்து, பாரிஸ் தேசிய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருடைய செல்வாக்கின் உச்சம் அதுவே.

ஆனால் தரையின் நிலை மாறிக்கொண்டிருந்தது. 1949 ஏப்ரலில் சுங்க ஒப்பந்தம் முடிவுற்றதும் இந்திய சர்க்கார் எல்லையில் சுங்கக் காவலை நிறுத்தியது. பிரெஞ்சிந்தியாவோ ஒரே நிலப்பரப்பன்று. ஒரு கொம்யூனிலிருந்து மற்றொன்றுக்குப் போவதற்கும் இந்திய மண்ணைக் கடக்க வேண்டும். நேர்மையான வியாபாரம் சுருங்கிற்று. தங்கக் கடத்தலும் சரக்குக் கடத்தலும் பெருகின. அவற்றில் ஆளும் கட்சியினருக்குப் பங்கு உண்டென்று எங்கும் பேசப்பட்டது. நாளடைவில் பிரெஞ்சு நிர்வாகமே குபேர் மீதும் அவர் சகாக்கள் மீதும் நடவடிக்கை எடுக்க முனைந்தது. மறுபுறம், இந்தோசீனத்தில் பிரெஞ்சுப் படை நிலை தளர்ந்து வந்தது. கீழ்த்திசையில் பிரான்சு நெடுநாள் நிலைக்காது என்பதை உணரக் குபேரைப் போன்ற கூர்மதியாளருக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை.

1954 மார்ச் 18-ந் தேதி புதுவைப் பகுதியின் எட்டுக் கொம்யூன்களின் மேயர்களும் குபேர் முதலிய நிர்வாக சபையினரும், வாக்கெடுப்பு இல்லாமலேயே உடனடியாகப் பாரதத்துடன் இணைய வேண்டுமெனத் தீர்மானித்தனர். மார்ச் 31-ந் தேதி குபேரும் அவருடைய ஆதரவாளர்களும் நெட்டப்பாக்கம் போலீஸ் நிலையத்தைக் கைப்பற்றி மூவர்ணக்கொடி ஏற்றினர். அங்கே ஒரு தற்காலிக சர்க்கார் அமைந்தது. நெட்டப்பாக்கத்தை இந்திய நிலம் சூழ்ந்திருந்ததால் பிரெஞ்சுப் போலீஸார் அங்கே எளிதில் படை கொண்டு போக இயலவில்லை. ஜூனில் ஏனாமும் ஜூலையில் மாஹியும் தேசபக்தர்கள் வசமாயின. இதற்கிடையில் மே மாதத்தில் தியென் பியன் பூவில் பிரெஞ்சுப் படை வீழ்ந்தது. பாரிஸில் மெண்டிஸ் பிரான்சு மந்திரிசபை பதவியேற்றது.

அக்டோபர் 18-ந் தேதி கீழூரில் சட்டசபை, முனிசிபல் சபை உறுப்பினர்கள் கூடி வாக்களித்தனர். 178 பேரில் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். 8 பேர் எதிர்த்தனர். நவம்பர் 1-ந் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு மாறிற்று. 1956-ல் கையெழுத்தான உடன்படிக்கை 1962 ஆகஸ்டு 16-ந் தேதி சட்டப்படி நிறைவெய்தியது.

பின்னர் குபேர் காங்கிரஸில் சேர்ந்தார். புதுவை நகர மேயராக இருந்தார். 1963 ஜூலை 1-ந் தேதி புதுவையின் முதல் முதலமைச்சரானார். அப்பதவி ஓராண்டுக்குச் சற்று அதிகமாகவே நீடித்தது. 1964 தேர்தலில் காங்கிரஸ் வென்றபோதிலும், கட்சிக்குள் நடந்த போட்டியில் தலைமை வெங்கடசுப்பா ரெட்டியாரிடம் சென்றது. கோஷ்டிகளை இயக்கி உயர்ந்தவர் கோஷ்டியாலேயே இறங்க நேர்ந்தது. 1979 ஆகஸ்டு 14-ந் தேதி அவர் காலமானார்.

இம்மனிதரை எங்ஙனம் மதிப்பது? அவர் மனம் மாறியது தேசபக்தியாலா, சுயநலத்தாலா என்ற விசாரணையில் நாம் இறங்க விரும்பவில்லை. மனிதர் உள்ளத்தில் இரண்டும் கலந்திருப்பது அரிதன்று. நமக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு. 1948-ல் இணைப்புக்குக் கதவடைத்தது முனிசிபல் சபை. 1954-ல் அக்கதவைத் திறந்ததும் அதே சபைதான். அந்த ஆறாண்டுகளில் ஜனங்களின் உள்ளம் தலைகீழாக மாறிவிட்டதா? இல்லை. 1936-ல் எட்டு மணி வேலைக்காகப் போராடித் துப்பாக்கிக்கு இரையான பன்னிரண்டு ஆலைத் தொழிலாளர் காலத்திலிருந்தே இம்மண்ணில் விடுதலை வேட்கை இருந்தது. மாறியது சபைகளைத் தம் பிடியில் வைத்திருந்த ஒருவரின் நோக்கமே. ஜனங்களின் சித்தம் ஒரு தலைவரின் சித்தத்துக்காக ஆறாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது என்பதே குபேரின் வாழ்க்கை கற்பிக்கும் கசப்பான பாடம். வெள்ளம் தானே வந்தது. அவர் மதகைத் திறந்தார். திறந்ததற்கு நன்றி கூறுவோம். மதகின் சாவி ஒருவர் மடியிலேயே இருந்ததை மறவாதிருப்போம்.

இப்பாடத்தைப் புதுவை கற்றதா? 1968-ல் ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் நடந்தது. அதன் பின் 2006 வரை 38 வருஷங்கள் தேர்தலே இல்லை. 2006-ல் அமைந்த சபைகளின் காலம் 2011-ல் முடிந்த பிறகும் பத்தாண்டுகளுக்கு மேல் தேர்தல் நடைபெறவில்லை. கடற்கரையிலுள்ள பழைய மேரிக் கட்டடம் 2014-ல் இடிந்து விழுந்தது; அதைப் பழைய உருவிலேயே திரும்ப எழுப்பினார்கள். கட்டடத்தை எழுப்பியவர்களுக்கு, அதனுள் அமர வேண்டிய ஜனப்பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் எண்ணம் ஏனோ விரைவில் வரவில்லை. ஒருவர் கையில் சிக்கிய சபை தீங்கு. சபையே இல்லாமை அதனினும் பெருந்தீங்கு. சிக்கிய சபையை வாக்கால் மீட்கலாம்; இல்லாத சபையில் வாக்கு எங்கே? கீழூரில் 178 பேர் வாக்களித்துத் தம் நாட்டைத் தேர்ந்துகொண்ட உரிமை, ஒரு வார்டு உறுப்பினரைத் தேர்ந்துகொள்ளவும் உதவாமற் போவது நியாயமா? தேச ஊழியர்கள் இதைச் சிந்திப்பார்களாக. சிந்திப்பதோடு நில்லாமல், வார்டு வார்டாகச் சென்று ஜனங்களிடமும் கேட்பார்களாக.