ஹெண்ட்ரிக்சும் இரண்டு திரான்சிஸ்ரர்களும்

அமெரிக்காவின் வடமேற்கிலுள்ள சியாற்றில் நகரில், 1942ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள், வறிய கறுப்பினக் குடும்பமொன்றிற் பிறந்தவர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். துடைப்பத்தைக் கிற்றாராகப் பாவனைசெய்து விளையாடிய பிள்ளைக்கு மெய்யான கிற்றார் கைக்கெட்டியது பதினைந்து வயதளவிலேதான். இடக்கைப் பழக்கமுடையவராதலின், வலக்கையாளருக்கென அமைந்த கருவியைத் திருப்பிப் பிடித்து, தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தார். 1961இற் படையிற் சேர்ந்து பரசூட் வீரராயிருந்து, மறு ஆண்டே விலகினார். பிறர் குழுக்களில் ஊரூராக வாசித்தலைந்த ஆண்டுகளை ஈண்டு விரிக்கவில்லை. 1966 செப்டெம்பரிற் சாஸ் சாண்ட்லர் என்பார் அவரை இலண்டனுக்கு அழைத்துவந்தார்.

அதே ஆண்டில் இலண்டன் ஆர்பிற்றர் நிறுவனம் 'பஸ் பேஸ்' என்னும் வட்டமான மிதிபெட்டியை விற்பனைக்கு விட்டது. உள்ளே இருப்பவை மிகச் சில: திரான்சிஸ்ரர் இரண்டு, தடைகள் நான்கு, கொள்ளளவிகள் மூன்று, குமிழ்கள் இரண்டு, 9 வோல்ற்று மின்கலம் ஒன்று. கிற்றாரிலிருந்து வரும் மின்னலையை அளவுக்கு மீறிப் பெருக்க, அலையின் முகடுகள் வெட்டுண்டு தட்டையாகின்றன. அதனாற் புதிய மேற்சுரங்கள் பிறந்து, ஒலி கரகரத்து, வில்லால் இழைத்தாற்போல நீண்டு நிற்கும். பொறியியலார் இதனைக் குற்றம் என்பர். காந்தருவதத்தையின் அவையிலே யாழ்களைக் குற்றங்கூறி விலக்கிய சீவகன் இதனையும் விலக்கியிருப்பான் என்றே எண்ணுகிறேன். ஹெண்ட்ரிக்ஸோ அக்குற்றத்தை ஆளக் கற்றார். கிற்றாரின் ஒலிக்குமிழைச் சற்றே குறைப்பார்; தெளிவு வரும். கூட்டுவார், முழக்கம் எழும்.

முதலில் அப்பெட்டியிலிருந்தவை ஜேர்மானியம் என்னும் மூலகத்தாலான திரான்சிஸ்ரர்கள். (ஜேர்மனி நாட்டுச் சரக்கென மயங்கற்க.) வெப்பம் ஏற, அவற்றிற் கசியும் மின்னோட்டமும் ஏறும், ஒலியின் குணம் மாறும். ஒன்றைப்போல் மற்றொன்று இராது. பல பெட்டிகளைச் சோதித்து நல்லதைத் தெரிவது ஹெண்ட்ரிக்ஸின் வழக்கம். பிரித்தானியக் கடற்படை ஆய்வுத்துறையிற் பணியாற்றிய ரொஜர் மேயர் என்னும் பொறியியலாளர் அவருக்காக அவற்றைத் திருத்தியுங் கொடுத்தார். அறுபதுகளின் பிற்பகுதியில் பீ.சீ. 108 முதலிய சிலிக்கன் திரான்சிஸ்ரர்கள் அவ்விடத்தைப் பிடித்தன. ஹெண்ட்ரிக்சும் அவற்றுக்கு மாறினார். அவை வெப்பத்துக்கு அவ்வளவு அசையா. ஆயின் பெருக்கம் மிகுதி, ஒலி கூர்மை. சிலவேளை வானொலி நிலையமும் உட்புகுந்து பேசும்!

என் பழைய மாணவரொருவர் சிலிக்கன் கொண்டு இதனை அமைத்தபோது அருகிருந்து பார்த்தேன். பெருக்கங் குறைந்ததை முதலாவதாகவும் கூடியதை இரண்டாவதாகவும் வைத்து, இரண்டாவதன் சேகரிப்பானில் 4.5 வோல்ற்று அளவு நிற்கும்வரை தடையை மாற்றினார். பழைய ஜேர்மானிய வரைபடத்தை அப்படியே பின்பற்றலாகாது, பீ.சீ. 108க்கு மின்கல முனைகள் மாறவேண்டும். ஒரு மாலைப்பொழுதில் வேலை முடிந்தது. ஹெண்ட்ரிக்ஸின் ஒலி அதிலிருந்து வந்ததோ எனின், இல்லை, கை வேறு.

அக்கை செய்ததை 1969 ஆகஸ்ற் 18ஆம் நாட் காலையில் வூட்ஸ்ரொக் விழா மேடையிலே கேட்டனர். வியட்நாம் போர் நடந்த காலம். அமெரிக்கத் தேசிய கீதத்தைச் சொல்லின்றிக் கிற்றாரில் மட்டும் வாசித்தார். இடையிடையே குண்டு விழும் ஊளையும் வெடிப்பும் அத்தந்திகளினின்றே எழுந்தன. வாசித்தவர் அந்நாட்டுப் படையிலிருந்தவர் என்பதை மறவாது கேட்டல் வேண்டும். தெளிந்த ஒலி அதற்குப் போதாது என்பது என் துணிபு.

1970 செப்டெம்பர் 18ஆம் நாள், தூக்க மாத்திரைகளை மிகுதியாக உட்கொண்டமையால் மூச்சடைத்து, இலண்டனில் இறந்தார். வயது 27. அந்நகருக்கு வந்து நான்கு ஆண்டு நிறைய இன்னும் ஆறு நாள் இருந்தது.